உங்களுக்குத் தெரியுமா? மாமூலைத் துரத்தும் உலகச் சட்டங்கள்

● 2009-ல் நாமக்கல் கலெக்டராக இருந்த உ. சகாயம், தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் போட்டார். மதுரையில் 9 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு வீடு, வங்கியில் 7,172 ரூபாய். பட்டியல் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இப்படி ஊரறியச் சொத்தை எடுத்து வைத்த முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர். அசையாச் சொத்துக் கணக்கை அரசிடம் கொடுக்க வேண்டும் என்ற விதி ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 1968-லிருந்தே உண்டு. கொடுத்தார்கள், அது கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மத்திய அரசு அந்தக் கணக்குகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது 2011-ல்தான். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரம் 2025 மே மாதம் நீதிமன்ற இணையதளத்துக்கு வந்தது. மத்திய அரசை நாமக்கல் 2 வருஷம் முந்திக்கொண்டது.

● அதிகாரிகளிடம் சொத்துக் கணக்குக் கேளுங்கள் என்று உலக நாடுகளுக்குச் சொல்வது ஐ.நா. ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தத்தின் 8-வது பிரிவு. வெளிநாட்டு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் அதிகாரி அதையும் தெரிவிக்க வேண்டும் என ஒரு விதி கொண்டுவரலாமே என்று 52-வது பிரிவு யோசனை சொல்கிறது. 71 பிரிவுகள் கொண்ட இந்த ஒப்பந்தத்தை 2003 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. டிசம்பர் 9 அன்று மெக்சிகோவின் மெரிடா நகரத்தில் கையெழுத்துக்கு வைத்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 9 சர்வதேச ஊழல் எதிர்ப்பு தினமானது அதனால்தான். இன்று இதில் 190-க்கு மேற்பட்ட தரப்புகள் இருக்கின்றன. இந்தியா கையெழுத்திட்டது 2005 டிசம்பர் 9. ஒப்புதல் தந்து உள்ளே நுழைந்தது 2011 மே 9. இலங்கை 2004 மார்ச்சிலேயே இரண்டையும் முடித்துவிட்டது.

● அக்டோபர் கடைசி வாரத்தில் சேலம் உருக்காலையிலும் பொதுத்துறை வங்கிக் கிளைகளிலும் ஊழியர்கள் வரிசையாக நின்று நேர்மை உறுதிமொழி எடுப்பார்கள். கண்காணிப்பு விழிப்புணர்வு வாரம் என்று பெயர். சர்தார் படேலின் பிறந்தநாளான அக்டோபர் 31-ஐ ஒட்டி வருவது அது. ஐ.நா. ஒப்பந்தம் பொதுச்சபையில் நிறைவேறியதும் அதே தேதி. தற்செயல்தான்.

● லஞ்ச ஒழிப்புப் போலீஸ் நோட்டில் தடவும் பவுடருக்குப் பெயர் பினாப்தலின். பார்த்தால் தெரியாது, வாசனையும் கிடையாது. புகார் கொடுத்தவர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக மகஜரில் எழுதுவார்கள். வேறு துறையிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாகக் கூட்டி வருவார்கள். அவர்கள் முன்னிலையில் பவுடர் தடவிப் புகார்தாரரின் சட்டைப்பையில் வைத்து, "அவராக் கேட்டா மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். பணம் கைமாறியதும் புகார்தாரர் வெளியே வந்து முகத்தைத் துடைப்பார், அல்லது முன்பே பேசி வைத்த வேறு சைகை காட்டுவார். போலீஸ் உள்ளே போகும். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்கள். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று ஒரு வரியில் முடிந்துவிடும் செய்திக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

சரி, புகார்தாரரே நீதிமன்றத்தில் பல்டி அடித்தால்? அல்லது அதற்குள் இறந்துவிட்டால்? சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்தும் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது.

● "வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து" என்ற வார்த்தைகள் தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரிந்தவை. 1991–96 காலத்துச் சொத்துக்காக ஜெயலலிதா மீது தொடரப்பட்ட வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. இத்தனையும் நமக்குத் தெரியும். இப்படி ஒரு குற்றத்தையே சட்டத்தில் எழுதிய முதல் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பது அவ்வளவாகத் தெரியாது. 1964-ல் இந்தியாவும் அர்ஜென்டினாவும்தான் முன்னோடிகள். ஐ.நா. ஒப்பந்தத்தின் 20-வது பிரிவு இதையே சொல்கிறது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை, சொத்து எப்படி வந்தது என்று விளக்குவதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது என்பது அமெரிக்காவின் வாதம். அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது.

● இதே குற்றம் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஹாங்காங் போலீஸ் உயரதிகாரி பீட்டர் காட்பர் கதை சொல்லும். சம்பளத்துக்குப் பொருந்தாமல் 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்த்தவர், விசாரணை நெருங்கியதும் 1973 ஜூனில் விமான நிலையப் போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டிவிட்டு விமானம் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கணக்கில் வராத சொத்து அங்கே குற்றமில்லை. இரண்டு நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஆளை ஒப்படைப்பார்கள். ஹாங்காங்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974-ல் தனி ஊழல் தடுப்பு ஆணையம் பிறந்தது. வாங்கிய லஞ்சத்துக்கே நேரடிச் சாட்சி தேடிப் பிடித்து, 1975 ஜனவரியில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிடைத்தது 4 ஆண்டுச் சிறை.

● 100 நிலக்கடலை என்றால் எத்தனை ரூபாய்? ஜப்பானில் ஒரு காலத்தில் 10 கோடி யென். அமெரிக்க விமான நிறுவனம் லாக்ஹீட் ஜப்பானில் கொடுத்த லஞ்சத்துக்கான ரசீதுகளில் "கடலை" என்றுதான் எழுதினார்கள். ஒரு கடலை 10 லட்சம் யென்னுக்கான சங்கேதம். 1976-ல் இது அமெரிக்க செனட் விசாரணையில் வெளிப்பட்டு, முன்னாள் பிரதமர் தனாகா ககுயெய் கைதானார். ராசிபுரம் பக்கத்து மானாவாரிக் கடலைக்கு அந்த விலை என்றைக்கும் கிடைத்ததில்லை.

● அந்த லாக்ஹீட் விவகாரத்துக்குப் பின் 400-க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் இதேபோல் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டன. 1977 டிசம்பரில் வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். உலகிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. அடுத்த 20 ஆண்டுக்கு வேறு எந்தப் பெரிய நாடும் பின்தொடரவில்லை. அதுகூடப் பரவாயில்லை; 1990-களின் கடைசிவரை ஜெர்மனியில் வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவே வாங்க முடிந்தது! 1997 டிசம்பர் 17 அன்று பாரிஸில் பணக்கார நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்ட பிறகே அந்த வழி அடைபட்டது. அதே ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 2008-ல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்துக் கட்டிய தொகை 160 கோடி டாலர்.

● வெளிநாட்டு லஞ்சத்துக்கு எதிரான அந்தப் பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை சேரவில்லை.

● திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே காஷ்மீர் வரை போர் போடுவது பழைய கதை. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போன வண்டிகளும் உண்டு. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. இப்படி வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போகும் ஓர் இந்தியர் அந்த நாட்டுத் துறைமுக அதிகாரிக்குப் பணம் கொடுத்தால், அங்கே அது குற்றம். இங்கே? நம் ஊழல் தடுப்புச் சட்டம் பேசுவது நம் நாட்டு அரசு ஊழியர்களைப் பற்றி. வெளிநாட்டு அதிகாரிகளுக்கான லஞ்சத்தைத் தடுக்கும் மசோதா 2011 மார்ச்சில் மக்களவைக்கு வந்தது. அந்த அவையின் ஆயுள் 2014-ல் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 258-வது அறிக்கையில் புதிய வரைவை எழுதிக் கொடுத்தது. ஐ.நா. ஒப்பந்தத்தின் 16-வது பிரிவு கேட்பது இந்தச் சட்டத்தைத்தான். சொத்துக் குவிப்பைக் குற்றமாக்குவதில் 1964-லேயே முந்தியவர்கள் இதில் இன்னும் பின்வரிசையில் நிற்கிறோம்.

● லாரிக்காரர்களிடம் கேட்டால் மாமூலில் இரண்டு வகை என்பார்கள். தப்பை மறைக்கக் கொடுப்பது ஒன்று. பேப்பர் எல்லாம் சரியாக இருந்தும், வண்டி நிற்காமல் போகக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது வகையை அமெரிக்கச் சட்டம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது: செய்ய வேண்டிய வேலையைச் சீக்கிரம் செய்யச் சொல்லி வெளிநாட்டு அரசு ஊழியருக்குக் கொடுக்கும் தொகை அந்தச் சட்டப்படி குற்றமில்லை. 2011 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 10 பவுண்டும் லஞ்சம், 10 லட்சம் பவுண்டும் லஞ்சம். நிறுவனத்துக்காக யாரோ ஒருவர் கொடுத்தாலும், அதைத் தடுக்கத் தவறிய குற்றம் நிறுவனத்தின் மேல் விழும். லண்டனில் வியாபாரம் உள்ள நிறுவனங்கள் தங்களுக்குத் துணி அனுப்புபவர்களிடம் லஞ்சம் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்வதற்கு இந்த பயம்தான் காரணம்.

நம் நெடுஞ்சாலையில் மாமூலுக்கு என்ன செலவாகிறது? சேவ் லைஃப் அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட ஆய்வு, நாடு முழுக்க லாரித் தொழில் ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாயை லஞ்சமாகக் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டது. 1,200-க்கு மேற்பட்ட டிரைவர்களிடம் கேட்டுப் போட்ட மதிப்பீடு. எனவே கடைசி ரூபாய்வரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நாமக்கல் லாரி ஆபீஸ் வாசலில் யாரிடம் காட்டினாலும் தொகை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதில் ஒரு வரிசை குறைந்தது. பெரும்பாலான சட்டங்கள் லஞ்சம் வாங்குபவரைத் துரத்துகின்றன. இது லஞ்சம் வாங்க நின்ற இடத்தையே எடுத்துவிட்டது. என் கணக்கில் இதுவே நல்ல வழி.

● "பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று அரசின் அனுமதிச் சீட்டு ஆட்சியைச் சாடியவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு கை நீளும் என்பது அவர் கவலை.

● அந்தக் கவலைக்கு அமெரிக்க நீதிமன்றம் வரை போன சாட்சி சென்னையில் இருந்தது. காக்னிசண்ட் நிறுவனம் சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் ஒரு வளாகம் கட்டியது. அதன் கட்டட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அரசு அதிகாரி ஒருவர் 2014-ல் 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், கட்டுமான ஒப்பந்ததாரர் மூலம் அதைக் கொடுக்க நிறுவனத்தின் இரண்டு மேலதிகாரிகள் சம்மதித்து, பிறகு கூடுதல் வேலை செய்ததாகப் போலிக் கணக்கு எழுதி ஈடுகட்டியதாகவும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது. நிறுவனமே 2016-ல் முன்வந்து தகவல் சொன்னதால், குற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் செய்யாமல் ஏறத்தாழ 2.5 கோடி டாலர் கட்டி வெளியே வந்தது. மேலதிகாரிகள் இருவரும் மறுத்து வழக்காடினார்கள். 2025 பிப்ரவரி 10 அன்று ஜனாதிபதி டிரம்ப், வெளிநாட்டு லஞ்சத்துக்கு எதிரான 1977-ன் சட்டத்தின் கீழான நடவடிக்கைகளை 180 நாள் நிறுத்தி வைக்க உத்தரவிட்டார். ஏப்ரலில் அமெரிக்க அரசே அவர்கள் மீதான வழக்கைக் கைவிட்டது. கட்டிய 2.5 கோடி டாலர் யாருக்குப் போனது என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவுக்கு. லஞ்சம் கேட்கப்பட்டதாகச் சொன்ன ஊருக்கு ஒரு பைசா வரவில்லை. கேட்டவர் பெயரும் ஆணையத்தின் குற்றச்சாட்டு ஆவணத்தில் இல்லை.

● திருடுபோன பொதுப்பணத்தைச் சொந்த நாட்டுக்குத் திருப்பித் தருவது அடிப்படைக் கொள்கை என்கிறது ஐ.நா. ஒப்பந்தத்தின் 51-வது பிரிவு. மலேசியாவின் 1எம்.டி.பி. நிதியில் 450 கோடி டாலர் சுருட்டப்பட்டதாக அமெரிக்கா சொன்னது. அதில் ஒரு பங்கு ஹாலிவுட் படம் எடுக்கப் போயிருந்தது. பங்குச்சந்தை மோசடிக்காரன் ஒருவனின் கதை அந்தப் படம்! தயாரிப்பு நிறுவனம் 2018-ல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அந்தப் பணத்தில் வாங்கிய சொகுசுக் கப்பல் ஒன்றை பாலித் தீவில் பிடித்து மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள், 12.6 கோடி டாலருக்கு விற்றது. அமெரிக்கா வழியாக மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் கோலாலம்பூருக்குத் திரும்பி வந்திருக்கிறது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார்.

● திரும்பாத கதை நம்முடையது. 1986 மார்ச் 24 அன்று 1,437 கோடி ரூபாய்க்கு போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம். 1987 ஏப்ரல் 16 அன்று, அதில் லஞ்சம் கைமாறியதாகச் சுவீடன் வானொலி குண்டைப் போட்டது. ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்ரமணியமும் சென்னையில் 'தி இந்து'வின் என். ராமும் ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார்கள். சுவிஸ் வங்கிக் காகிதங்களைக் கேட்டு இந்தியா 1990-ல் கோரிக்கை அனுப்பியது. கணக்கு வைத்திருந்தவர்கள் அங்கே மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு போட்டார்கள். காகிதங்கள் கைக்கு வந்தது 1997 ஜனவரியில். இடைத்தரகர் என்று குற்றம் சாட்டப்பட்ட இத்தாலியத் தொழிலதிபர் குவாத்ரோச்சியை ஒப்படைக்க மலேசிய நீதிமன்றமும் மறுத்தது, அர்ஜென்டின நீதிமன்றமும் மறுத்தது. 2006-ல் லண்டனில் முடக்கி வைத்திருந்த அவர் கணக்குகளும் திறந்துவிடப்பட்டன. 2013-ல் அவர் இறந்தார். இன்று அதே சுவிட்சர்லாந்து, இந்தியர்களின் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தானாகவே அனுப்புகிறது; 2019 செப்டம்பரில் தொடங்கியது. முப்பது வருஷம் முன்னால் வந்திருந்தால்!

● 2025 ஜனவரியில் இன்டர்போல் வெள்ளி நிற நோட்டீஸை அறிமுகப்படுத்தியது. சிவப்பு நோட்டீஸ் ஆளைத் தேடும். வெள்ளி நோட்டீஸ் சொத்தைத் தேடும். சோதனை முயற்சியாக 52 நாடுகளில் தொடங்கியது, இந்தியாவும் உண்டு. அதே மாதம் 7-ம் தேதி டெல்லியில் பாரத்போல் தளம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு உதவி வேண்டுமென்றால் மாநிலப் போலீஸ் கடிதம், தொலைநகல் என்று சி.பி.ஐ. வழியாக அலைந்த காலம் போய், இப்போது அந்தத் தளத்திலேயே கேட்கலாம்.

● 2021 டிசம்பரில் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவர் தொடர்பான இடங்களில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை நடத்தியபோது, கிரிப்டோ கரன்சியில் முதலீடு செய்ததாகவும் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார்; அது குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. ஆனால் சொத்துக் குவிப்புப் புகாரில் நிலம், நகை, வெள்ளிப் பொருளுக்குப் பக்கத்தில் கிரிப்டோ என்ற சொல் உட்கார்ந்தது நம் பக்கத்துக்குப் புதிது. உலக அளவில் கறுப்புப் பணத்துக்கு விதி வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு 2019-லேயே கிரிப்டோ நிறுவனங்களையும் கண்காணிக்கச் சொல்லியிருந்தது. இந்தியா அவற்றைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2023 மார்ச் 7 அன்று.

● சேலம், நாமக்கல் சீமை திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது 1792-ல். கேப்டன் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், லண்டனில் கம்பெனியின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது ஊழல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கீழைநாட்டில் பரிசு வாங்குவது வழக்கம் என்பதெல்லாம் சமாதானமாகாது, நேர்மைக்கு ஊருக்கு ஊர் வேறு அளவுகோல் கிடையாது என்று எட்மண்ட் பர்க் வாதாடினார். 1788-ல் தொடங்கிய விசாரணை 1795-ல் விடுதலையில் முடிந்தது. பர்க் சொன்னதைச் சட்டமாக எழுத உலகத்துக்கு 1977 வரை ஆனது.

● மெக்காலே எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 165-வது பிரிவு, தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் அரசு ஊழியர் விலை கொடுக்காமல் பொருள் வாங்குவதைக் குற்றமாக்கியது. இந்தியா 1988-ல் அதை எடுத்து ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் வைத்துவிட்டது. நம்மிடமிருந்து சட்டத்தைக் கொண்டுபோன சிங்கப்பூர் அப்படியே வைத்திருந்தது, அதே எண்ணோடு. அந்தப் பிரிவில் சிக்கியவர் சிங்கப்பூரின் தமிழ் அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன். நாடக, கார் பந்தய டிக்கெட்டுகள், விஸ்கி, ஒரு சைக்கிள் என ஏறத்தாழ 4 லட்சம் சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள பொருட்கள். 2024 அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறை.

● இலங்கை விமான நிறுவனத்துக்கு விமானம் விற்க ஏர்பஸ் கொடுத்த லஞ்சம், கொழும்பில் வெளிவரவில்லை. லண்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஏர்பஸ் ஒப்புக்கொண்டபோது, இலங்கை விமான நிறுவன நிர்வாகி ஒருவரின் மனைவியின் புருனே கம்பெனிக்குப் போன 20 லட்சம் டாலரும் ஆவணத்தில் இருந்தது. பொருளாதாரம் கவிழ்ந்த பின் ஐ.எம்.எஃப். கடன் பேச்சோடு சேர்ந்தே, 2023-ல் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் இலங்கையில் பிறந்தது.

● உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உட்பட 5 வளர்ச்சி வங்கிகள் 2010 ஏப்ரலில் ஒரு கூட்டு ஏற்பாடு செய்துகொண்டன. ஒரு வங்கியின் டெண்டரில் மோசடி செய்து ஓராண்டுக்கு மேல் தடை வாங்கிய கம்பெனியை மற்ற நான்கும் சேர்த்துத் தள்ளி வைக்கும். சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித்தடச் சாலைகளுக்கு 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்த 48.4 கோடி டாலர் கடனுக்கும் இந்த விதிதான்.

● டெண்டர் வெளிப்படைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1998-லேயே கொண்டுவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாநிலமும் தமிழ்நாடுதான், 1997-ல். ஆனால் எதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்ற பட்டியல் அவ்வளவு நீளம். கேட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பயன் தெரிந்தது 2005-ன் மத்திய சட்டம் வந்த பிறகு. உலகத்தில் முதலில் அரசுக் காகிதங்களைத் திறந்துவிட்ட நாடு சுவீடன், ஆண்டு 1766.

● சேலம், நாமக்கல் வழியாகப் போகும் 44-ம் எண் சாலையை நான்கு வழியாக்கிய அதே தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில், வடக்கே வேலை பார்த்த இளம் பொறியாளர் சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலையில் நடக்கும் முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் சொல்பவரைப் பாதுகாக்கச் சொல்லும் 33-வது பிரிவோடு ஐ.நா. ஒப்பந்தம் மெரிடாவில் கையெழுத்துக்கு வந்தது அதற்கு 12 நாள் கழித்து. இந்தியாவில் இதற்கான சட்டம் 2014 மே 9 அன்று ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கைதான் வரவில்லை. கோபம் வருகிறதா? வரவேண்டிய இடம்தான்.

● பூஜ்யம் ரூபாய் நோட்டு பார்த்திருக்கிறீர்களா? காந்தி படத்தோடு அசல் நோட்டு மாதிரியே இருக்கும். லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று அச்சடித்திருக்கும். யோசனை அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராக இருந்த ஓர் இந்தியருடையது. 2007-ல் அதை அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுத்தது சென்னையின் ஐந்தாவது தூண் அமைப்பு. கை நீட்டும் அதிகாரியிடம் இதை எடுத்து நீட்ட வேண்டும். நீட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்பது வேறு விஷயம். பட்டா மாறுதலுக்கு நிற்பவர் அடுத்த வாரமும் அதே மேசைக்குத்தான் வரவேண்டும்.

● 2018 ஜூலை 26 முதல் லஞ்சம் கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி. திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7. ஐ.நா. ஒப்பந்தத்துக்கு ஏற்பச் சட்டத்தை மாற்றுவது இந்தத் திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புப் போலீஸிடமோ வேறு விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே போலீஸிடம் சொல்லிவிட்டு, பிடித்துக் கொடுப்பதற்காகப் பணம் கொடுத்தவர் மேல் குற்றமே இல்லை. அந்த 7 நாள், வேலை முடிந்த தேதியிலிருந்து எண்ணுவதல்ல. பணம் கைமாறிய தேதியிலிருந்து எண்ணுவது.